முனீராக்கா கேட்ட ஓட்டு

எங்கள் தெம்பனிஸ் அடுக்குமாடி புளோக்கில் முனீராக்காவுக்குப் பயந்து மின்தூக்கியில் ஏறாதவர்கள் உண்டு. நானும் ஒருத்தி. சண்டைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள், தங்கமான மனுஷி. பள்ளிக்கூடக் கேன்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் விற்றவர். பிள்ளைகள் போடும் கூச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே குரல் இடிமாதிரி ஆகிவிட்டது.

நாட்டின் அறுபதாம் பிறந்தநாளுக்கு, மக்கள் மனத்தில் நின்ற பழைய பாட்டுகளைத் தொகுத்து ஓர் ஆல்பம் போடப்போகிறார்கள், எந்தப் பாட்டு வேண்டும் என்று நாமே கைப்பேசியில் ஓட்டுப் போடலாம் என்று அறிவிப்பு வந்தது. தமிழ்ப் பட்டியலில் அவர் புருஷன் கபீர் அண்ணன் பாடிய பாட்டும் இருந்தது. அண்ணன் செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். இளவயதில் வானொலிக்காக ஒரே ஒரு பாட்டுப் பாடினார். அந்த வருஷம் தேசிய தினத்துக்குப் பள்ளிக்கூடங்களில்கூட அதைப் போட்டார்கள்.

அக்கா விடுவாரா? தேக்கா மார்க்கெட்டில் மீன்காரரிடம், "மீனை அப்புறம் வெட்டு, முதல்ல ஓட்டைப் போடு லா!" என்று நின்றார். மின்தூக்கியில் மாட்டிய சீனப் பெரியவருக்குத் தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது. விரலைப் பிடிக்காத குறையாக எங்கே அமுக்குவது என்று காட்டினார். என்னிடம் தினமும் விசாரணை: "பூவம்மா, உன் மருமகன் போட்டானா இல்லையா?" காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் போட்டேன்.

"நெருப்புப் பொறியிலயே நின்னு கண்ணைக் கெடுத்துக்கிட்ட மனுஷன். அவர் பேரு அதுல வரணும் பூவம்மா" என்று ஒருநாள் சொன்னபோது அக்காவின் கண் கலங்கியிருந்தது. அன்றைக்கே மருமகனையும் போட வைத்தேன்.

முடிவு வந்த அன்று அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். அண்ணனுடைய பாட்டு இல்லை. கொஞ்சத்தில் தவறிவிட்டதாம். அக்கா சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"யாரு போடாம விட்டது? சொல்லுங்க, நான் பாத்துக்கிறேன்."

அண்ணன் தேநீரைக் கீழே வைத்தார். "நான்தான்."

"என்னது?"

"அதே பட்டியல்ல ஹம்னா பாடின பாட்டு இருந்துச்சே, நான் அதுக்குப் போட்டேன். நல்ல பாட்டு லா அது. நாட்டுக்குன்னு கேக்குறாங்க, நல்லதைத்தானே சொல்லணும்?"

அட, பிழைக்கத் தெரியாத மனுஷா! எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. அக்கா பக்கத்தில் கிடந்த குஷனைத் தூக்கி அவர் மேல் எறிந்தார். "ஊரெல்லாம் பல்லைக் காட்டிட்டு வந்தேன். நீங்க வீட்டுலயே உட்காந்து கவுத்துட்டீங்களே!"

அண்ணன் குஷனை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். "உனக்கு என் பாட்டு பிடிக்கும். தினமும் கேக்குற. அது போதும், முனீரா."

"எனக்குப் போதாதுங்க!" அக்கா அழுதுகொண்டே கத்தினார். "நான் போனப்புறம் அதை யாருங்க கேப்பா?"

அண்ணனின் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.