மணி அடித்ததும் இறங்கிய கை

குத்துச்சண்டையை விட்டபின் அவருக்குக் கிடைத்தது வாந்தி நாறும் பாரில் பவுன்சர் வேலை. இடது கண்ணில் இன்னொரு அடி விழுந்தால் பார்வை போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

அன்று ஒரு குடிகாரன் பாட்டிலை உடைத்துக்கொண்டு சப்ளையர் மேல் பாய்ந்தான். இவர் குறுக்கே புகுந்தார்.

"வாடா கிழட்டு பயில்வான்!"

"பாட்டிலைக் கீழ போட்டுட்டு வீட்டுக்குப் போ தம்பி."

அவன் வீசிய ரெண்டு வீச்சுக்கும் இவர் தலை சாய்த்துத் தப்பினார். அந்த நேரம் பார்த்து, கூட்டத்தைக் கலைக்க முதலாளி கடை மூடும் மணியை அடித்தார். குத்துச்சண்டையில் ரவுண்டு முடிந்து மணி அடித்த மாதிரி, பழைய பழக்கத்தில் இவர் கை தானாக இறங்கிவிட்டது. பாட்டில் புருவத்தைக் கிழித்தது. கண் மயிரிழையில் தப்பியது.

சப்ளையர்கள் அவனை அமுக்கியதும் முதலாளி ஓடிவந்தார்.

"யோவ், தரையெல்லாம் ரத்தம்யா. துடைச்சிட்டுப் போ."

இவர் அந்த ரத்தத்தின் மேலேயே காறித் துப்பினார்.

"இதையும் சேத்து நீயே துடைச்சுக்க. நாளையிலேருந்து வேற ஆளப் பாரு."