கடத்தூர் நெட்டுக்கார அமுதவல்லி

கடத்தூர் பக்கம் நெட் கட்டானால் முதலில் திட்டு வாங்குகிறவள் அமுதவல்லி. கம்பத்தில் ஏறி ஒயர் இழுப்பது அவள் கணவன் தமிழ்ச்செல்வன். வீட்டுக்குள் போய் ரவுட்டரைப் பார்ப்பது அவள். ஆண்கள் காட்டுக்கும் மண்டிக்கும் போன பிறகு, வீட்டிலிருக்கும் பெண்கள் இன்னொரு பெண்ணுக்குத்தான் தயங்காமல் கதவைத் திறப்பார்கள் என்று கண்டுகொண்டு இந்த ஏற்பாட்டைச் செய்தவளும் அவளே. பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. ரவுட்டர் பாடத்தைப் பதினோரு வருஷமாக ஊரார் வீடுகளில்தான் படித்தாள். ரவுட்டரை டிவிக்குப் பின்னால் ஒளித்தவர்கள், பீரோவுக்குள் வைத்துப் பூட்டியவர்கள், தூசி படுமென்று பிளாஸ்டிக் கவரையே பிரிக்காதவர்கள் என்று எல்லாரையும் பார்த்துவிட்டாள். யார் முகத்துக்கு நேராகவும் சிரித்ததில்லை. தெருமுனை தாண்டிய பிறகு சிரிப்பாள், அதை யார் தடுக்க முடியும்?

போன பங்குனியில் சகாயமேரி கூப்பிட்டாள். ஓசூர் கம்பெனி ஒன்றுக்காக வீட்டின் உள்ரூமில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களிடம் பேசுகிற வேலை அவளுக்கு. கணவன் ஜோசப் ராஜ் தக்காளி லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டான். மூன்று வயதுக் குழந்தையையும் இடுப்பெலும்பு முறிந்து இப்போது கோலூன்றி நடக்கும் மாமியார் ஆரோக்கியம்மாளையும் விட்டுவிட்டு அவளால் எங்கும் போக முடியாது.

"நாலு நாளா அரை மணிக்கொருக்கா அறுந்துபோவுதுக்கா. வியாழக்கெழம காலையில கம்பெனியில நாலு மணி நேரம் லைனச் சோதிச்சுப் பாப்பாங்களாம். அறுந்துச்சுன்னா ஓசூர் ஆபீஸுக்கு வந்துரு, இல்லன்னா வேலைய வுட்டுருங்கறாங்க."

அமுதவல்லி உடனே போய்ப் பார்த்தாள். வெளியிலிருந்து வரும் ஒயரில் குறை இல்லை. ரவுட்டரைத் தேடினால், அது சாமி பீடத்தில் இருந்தது. தவக்காலத்தின் கடைசி இரண்டு வாரமும் சுரூபங்களைத் துணி போட்டு மூடுவது ஆரோக்கியம்மாளின் வழக்கம். கெட்டியான ஊதாத் துணியால் மாதாவை மூடியவர், அந்தோணியாரை மூடியவர், நடுவில் மினுக்கிக்கொண்டிருந்த ரவுட்டரையும் சேர்த்து மூடிவிட்டார். மேலே தகரக் கூரை, வெளியே பங்குனி வெயில். துணியை விலக்கித் தொட்டால் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி போலச் சுட்டது. சூடு ஏறினால் அது நின்றுவிடும். சகாயமேரி ஓடிவந்து அணைத்துப் போடுவாள், கொஞ்சம் ஆறி ஓடும், பக்தியோடு மறுபடியும் துணியை இழுத்துவிட்டுப் போவாள்.

சன்னலோரச் சுவரில் இரண்டு திருகாணிகள் வெறுமனே நின்றன. அது தமிழ்ச்செல்வன் கைவேலை என்று அமுதவல்லிக்குப் பார்த்ததுமே தெரிந்தது. அவன் மாட்டிய இடத்திலிருந்து யாரோ பெட்டியைக் கழற்றிப் பீடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆரோக்கியம்மாள் தலை நிமிரவேயில்லை.

கனெக்சன் கொடுத்த வாரம், மாமியார் இடுப்பு முறிவதற்கு முன்பு, சகாயமேரி பயிற்சிக்காக ஓசூரில் இருந்தாள். அதனால் அவளுக்கு எதுவும் தெரியாது. "யாருக்கா இத அங்க கொண்டுபோய் வெச்சது? எம்பொழப்பே போயிருக்குமே," என்றாள். குரலில் அழுகையும் கோபமும் கலந்திருந்தன.

"எங்க வூட்டுக்காரருதான். அப்பவே பாக்காம வுட்டது என் தப்புங்க," என்றாள் அமுதவல்லி.

ரவுட்டரைத் திருகாணியில் மாட்டினாள். "போன்ல வைஃபைக்கு ரெண்டு பேரு காட்டும் பாருங்க. அஞ்சுன்னு முடியறது வேகம், ஆனா செவுரு தாண்டுனா சோர்ந்துபோயிரும். உள்ரூமுக்கு இன்னொண்ணப் போடுங்க, மெதுவா வந்தாலும் அறுந்துபோவாது. பெட்டிக்குக் காத்து மட்டும் வேணும்."

வியாழக்கிழமை மதியம் பொம்மிடி ரோட்டில் வண்டியை நிறுத்திப் போனை எடுத்தாள். "நாலு மணி நேரமும் ஒருக்கா கூட நிக்கலக்கா. வூட்டுலயே வேலையப் பாருன்னுட்டாங்க. ஒங்கள..." என்று சகாயமேரி தொடங்கும்போதே மாமியார் குறுக்கே கை நீட்டினார். போன் கைமாறியது.

"கண்ணு, ஒங்க வூட்டுக்காரரு அன்னிக்கி சன்னல்கிட்டதான் மாட்டுனாரு," என்றார் ஆரோக்கியம்மாள். "நமக்குச் சோறு போடற பொட்டியாச்சே, மாதாகிட்ட இருக்கட்டும்னு எடுத்து வெச்சது நானு. துணியப் போட்டு மூடுனதும் நானு. நீ அந்தத் திருகாணியப் பாத்தப்பவே ஒனக்கு வெளங்கிருச்சுன்னு எனக்குத் தெரியும்."

"அதெல்லாம் வுடுங்கம்மா."

"எப்பிடி வுடறது? அன்னிக்கி வாயத் தொறக்க எனக்குப் பயமா இருந்துச்சு. நீ என்னைய எம்மருமவ முன்னாடி தலகுனிய வுடல. அந்த நன்றி எனக்குச் சாவுற மட்டும் இருக்கும். ஆனா ஒம்மேல பழி நிக்கக்கூடாது பாரு, இப்பத்தான் அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிப்போட்டேன்."

லைன் வந்ததும் நன்றி சொன்னவர்கள் அமுதவல்லிக்கு நிறையப் பேர் உண்டு. அவள் தலையில் விழுந்த பழியைத் தன்மேல் எடுத்துக்கொள்ள முன்வந்தவர் இவர் ஒருவர்தான்.

"நாந்தாம்மா ஒங்களுக்கு நன்றி சொல்லணும்," என்றாள்.