கடைசி ராடுக்குக் கீழே ஒரு கட்டம்

பன்னிரண்டாவது கட்டத்தின் நிறம் சரியாக இருக்கிறதா என்று கேட்டு, காலை பத்து மணிக்கு பழனிவேல் அண்ணனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தேன். நிறம் பற்றிக் கேட்டால் ஐந்து நிமிடத்துக்குள் பதில் போடும் மனிதர். பதினொன்றரைக்கு அவருடைய எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. "என்னண்ணா, இன்னிக்கு இவ்வளவு நேரம்?" என்று வம்பிழுத்தபடிதான் எடுத்தேன். பேசியது அவருடைய மகள். "மேடம், அப்பா காத்தால போயிட்டாருங்க. நெஞ்சு வலின்னு சொன்னாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள…"

அவரைப் போர் போடும் ரிக் வண்டியில் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். பதினெட்டு ஆண்டுகள் ஆழ்துளைக் கிணறு தோண்டியவர். தோள்பட்டை விட்டுப்போனதும் அவருடைய நிறுவனம் அவரை அலுவலக நாற்காலியில் உட்காரவைத்தது. அந்த நாற்காலியில் அவர் என்ன செய்தார் என்பது உங்களில் சிலருக்குத்தான் தெரியும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நான் நடத்துவது சின்ன அலுவலகம். நிரல் எழுதி, அதன் வழியாகவே ஸ்லைடுகளைத் தயாரிப்பது என் தொழில். கையால் ஒரு கோடு இழுக்க மாட்டேன். செவ்வகம் எங்கே தொடங்க வேண்டும், எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம், என்ன நிறம் என்று எழுதிவிட்டால் படம் தானே வந்து நிற்கும். போர் போட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும், தங்கள் நிலத்துக்குள் என்ன இருந்தது என்று காட்டும் படம் ஒன்று கொடுக்க அண்ணனின் நிறுவனம் விரும்பியது. துளைக்கும் குழாய்க்கு ராடு என்று பெயர். ஒரு ராடு இருபது அடி. ஒரு ராடுக்கு ஒரு கட்டம் என்று கணக்கு. விவரம் சொல்ல வந்தவர்தான் பழனிவேல் அண்ணன்.

முதல் நாளே அவருக்கு ஒன்றை விளக்க வேண்டியிருந்தது. பள்ளியில் வரைந்த வரைபடத்தில் எண்கள் கீழிருந்து மேலே ஏறும். ஸ்லைடில் பூஜ்ஜியம் மேல் விளிம்பில் இருக்கும். கீழே போகப் போக எண் கூடும். படித்த பிள்ளைகளே இதில் ஒரு வாரம் தடுமாறுவார்கள். மன்னிப்புக் கேட்கிற குரலில்தான் சொன்னேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"இதுல என்னங்க அம்மிணி அதிசயம்? போரு மேலருந்துதானுங்க கீழ போவுது. கீழருந்து மேல எண்ணறதுதான் எனக்குப் புரியமாட்டேங்குது."

அன்றே தன் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். ஒரு எண்ணை மாற்றுவார், ஓட்டுவார், கட்டம் எங்கே போய் விழுகிறது என்று பார்ப்பார். ஒரு முறை அளவில் அங்குலம் என்று குறிப்பிட மறந்து, வெறும் ஐந்து என்று போட்டுவிட்டார். மென்பொருளின் கணக்கில் அது தூசியைவிடச் சிறியது. ஸ்லைடு காலியாக வந்தது. கட்டம் அங்கேதான் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை என்றேன். அவ்வளவுதான், மதியச் சோற்றை மறந்துவிட்டு அதைத் தேடிப் பெரிதாக்கிக்கொண்டே இருந்தார். எனக்கு அது சலித்துப்போன தவறு. அவருக்கோ மூன்று நாள் பேசத் தீராத சங்கதி.

நாங்கள் சண்டை போட்டது நிறத்துக்காக. மண்ணுக்குப் பழுப்பு, பாறைக்குக் கறுப்பு, தண்ணீருக்கு நீலம் என்று அழகாக வைத்திருந்தேன். "தண்ணிக்கு நீலம்னு யாருங்க சொன்னாங்க? போருல வர்ற மொதத் தண்ணி சாம்பக் கலருங்க. கல்லு மாவைக் கலக்கிக்கிட்டுத்தான வரும்" என்றார். மறு வாரம் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கவர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ராடு இறங்கும்போது வெளியே வந்த கல் மாவு. அதை வெள்ளைத் தாளில் கொட்டி, உச்சி வெயிலில் படம் எடுத்து, அந்த நிறத்தின் எண்ணைக் கண்டுபிடித்துக் கட்டத்துக்குப் போட்டார். கறுப்பு என்று நான் நினைத்திருந்த பாறையில் இளஞ்சிவப்பு இருந்தது, பச்சை இருந்தது. இத்தனை வருடம் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்திருக்கிறேன், அது எந்த நிறத்துக்குள்ளிருந்து வருகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

தம்மம்பட்டி சங்கதியை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தவறு என்னுடையது என்பதுதான் காரணம்.

அங்கே செல்லம்மாள் என்ற அம்மாளின் பாக்குத் தோப்பில் போர் போட்டார்கள். இருபத்தெட்டாவது ராடில் கம்ப்ரசர் மக்கர் செய்ததால் வண்டி பழுது பார்க்கப் போய்விட்டது. படம் மட்டும் அவருடைய மகன்களின் கைபேசிக்குப் போனது. நிரலில் ஒன்று முதல் இருபத்தெட்டு என்று எழுதினால், அது இருபத்தேழோடு நின்றுவிடும். கடைசி எண்ணுக்கு ஒன்று கூட்டி எழுத வேண்டும். இது பால பாடம். அந்த வாரம் ஒரு வரியை மாற்றி எழுதியபோது நான் அதைக் கோட்டைவிட்டேன். பெரும்பாலும் கடைசி இரண்டு ராடும் ஒரே கல்லாக இருக்கும் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. இங்கே அப்படி இல்லை. கடைசி ராடில்தான், தண்ணீர் நெருங்கிவிட்டதற்கு அடையாளமாக, சாம்பல் சேறு வந்திருந்தது.

கண்டுபிடித்தவர் அண்ணன். "இருவத்தெட்டுக் கவருக்குக் கலர் பாத்தனுங்க. படத்துல இருவத்தேழுதான் இருக்குது. அந்தச் சாம்பலு எங்கீங்க?" நிரலைத் திறந்து பார்த்தேன், கூட்ட வேண்டிய அந்த ஒன்று இல்லை.

அண்ணன் உடனே தோப்புக்கு போன் செய்தார். மூத்த மகன் எடுத்தான். படத்தில் அடிவரை காய்ந்த கல்தானே இருக்கிறது, அந்தக் குழியை மூடிவிட்டு மறுகோடியில் போடப் போகிறோம், வண்டி உள்ளே வர இருபது பாக்கு மரம் வெட்ட வேண்டும், நாளைக்கு ஆள் சொல்லியாயிற்று என்றான். கடைசியில் சேறு வந்ததென்று அவனுடைய அம்மா இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். "படத்துல இல்லியே" என்று இவர்கள் அவர் வாயை அடைத்துவிட்டார்கள்.

போனிலேயே சொல்லிவிடலாமே என்றேன். அண்ணன் எழுந்துவிட்டார். "தப்பு படமாப் போச்சுங்க. சரியும் படமாத்தான் போகோணும். கம்ப்யூட்டரை எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க."

இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். மோட்டார் ரூம் படியில் மடிக்கணினியை வைத்து, அவர்கள் கண்ணெதிரே அந்த ஒரு எண்ணைத் திருத்தி ஓட்டினேன். இருபத்தேழு கட்டத்துக்குக் கீழே சாம்பல் நிறத்தில் இன்னொன்று வந்து நின்றது. தவறு என்னுடையது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் செல்லம்மாள் வீட்டுக்குள் போய், ஒரு புடவையோடு வந்தார். "இந்தக் கலருதான் அன்னிக்கு என் பொடவையில அடிச்சுது. தொவைச்சும் போவல, பாரு" என்று மகன் முன் விரித்தார். அண்ணன் கையோடு கொண்டுவந்திருந்த கவரைப் பிரித்து அந்தக் கறையின் பக்கத்தில் பிடித்தார். திரையில் ஒன்று, கவரில் ஒன்று, புடவையில் ஒன்று. மூன்றும் ஒரே நிறம். மகன் வெகுநேரம் குனிந்து பார்த்தான். பிறகு தள்ளிப் போய், மரம் வெட்டுகிறவருக்கு வர வேண்டாம் என்று போன் செய்தான். செல்லம்மாள் புடவையை மடித்துக்கொண்டிருந்தார். பிறகு பழுது பார்த்த ரிக் வண்டி திரும்பி வந்து, அதே குழியில் இன்னும் இரண்டு ராடு இறங்கியதும் தண்ணீர் வந்தது.

அன்று திரும்பும் பஸ்ஸில் அண்ணன் என்னை ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. அவருடைய யோசனை வேறு எங்கோ இருந்தது. "கடைசி ராடுக்குக் கீழ ஒரு கட்டம் போட முடியுமாங்க?" என்றார். என்ன நிறம் என்று கேட்டேன். "கலரே வேண்டாமுங்க. சுத்திக் கோடு மட்டும்."

எனக்குப் பிடிக்கவில்லை. பார்க்கிறவர்கள் நிரலில் பிழை என்று நினைப்பார்கள் என்றேன். அவர் விடவில்லை. "இத்தோட பூமி முடிஞ்சுதுன்னு படம் சொல்லுதுங்க. அது பொய்யி. அங்க இன்னும் நாம போகலீங்க, அவ்வளவுதான்." ஒழிந்து போகட்டும் என்று மறுநாள் அலுவலகத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் போட்டுக் கொடுத்தேன். அவர் அதன் பின்னால் ஒரு எழுத்தை நகர்த்திவைத்தார், எழுத்து மறைந்தது. "வெள்ளையும் ஒரு கலருதானுங்க" என்றார். கட்டத்தில் எதையும் நிரப்பாதே என்பதற்குத் தனியாக ஒரு வரி உண்டு. அதை எழுதவைத்த பிறகுதான் டீ குடிக்கப் போனார்.

மோகனூரில், காவிரிக் கரையில், அவரை வழியனுப்பிவிட்டு வந்தோம். பன்னிரண்டாவது கட்டத்தின் நிறத்துக்குப் பதில் வரவே இல்லை. அவருடைய மகளிடம் அந்த அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கி வந்து, வெயிலில் நானே தாளை விரித்துப் பார்த்தேன். நான் போட்டிருந்தது தவறு. கொஞ்சம் பச்சை சேர வேண்டும். சேர்த்தேன். அதைச் சொல்ல ஆள் இல்லை என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது. தாளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அந்தப் பெட்டி என் மேசையில் இருக்கிறது. அந்த வெற்றுக் கட்டம் நான் தயாரிக்கும் ஒவ்வொரு படத்தின் அடியிலும் இருக்கிறது. போன வாரம் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு போனில் கேட்டார்: "ஏனுங்க மேடம், கடைசிக் கட்டத்துக்குக் கலர் குடுக்க மறந்துட்டீங்களா?"

"இல்லைங்க," என்றேன். "அங்க இன்னும் நாம போகலீங்க."