கழற்றாமல் விட்ட ஒயர்

அவள் மீட்டர் வைத்து அளக்காமல் அந்தத் தெருவில் மின்னல்கூட அடிக்காது என்று பேச்சு. கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் அவளுக்கு மீட்டரக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளைப் பெட்டியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு ஒயரையும் அளந்துதான் மாட்டுவாள். அளந்த பிறகும் நம்பமாட்டாள். எதற்கும் உதவாத பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை மாட்டி முதலில் ஓட்டிப் பார்ப்பாள். அந்த டிஸ்குக்கு ‘மாமியார்’ என்று பெயர் வைத்திருந்தாள். நிஜ மாமியார் மாடியில் இருந்தார். அவருக்கு இது தெரியாதவரை குடும்பம் நன்றாகவே நடந்தது.

சிரிப்பெல்லாம் உதட்டோடு சரி. ஆறு வருடத்துக்கு முன் ஒரு தையல்காரரின் கம்ப்யூட்டரில் பவர் சப்ளையை மாற்றினாள். பழைய ஒயர்கள் பின்பக்கம் அழகாக வளைத்துக் கட்டப்பட்டிருந்தன. பிரிக்க மனம் வராமல் புதுப் பெட்டியில் அவற்றையே செருகினாள். கச்சிதமாகப் பொருந்தின. பொருந்தியதுதான் வினை. முனையின் வடிவம் ஒன்றாக இருந்தாலும் எந்தக் கம்பியில் எத்தனை வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஐந்து போக வேண்டிய கம்பியில் பன்னிரண்டு போனது. ‘டிக்’ என்று ஒரு சத்தம், பின்னாலேயே கருகல் வாடை. உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது.

இறந்துபோன மனைவி ரெக்கார்டரில் விளையாட்டாகப் பேசிவைத்த பேச்சையெல்லாம் தையல்காரர் அந்த டிஸ்கில்தான் வைத்திருந்தார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தாலும் தேவலை. “சரிம்மா” என்று சொல்லி, டிஸ்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று பிடித்தது அந்த ‘டிக்’. தாழ்ப்பாள் போட்டால் கேட்கும். அடுப்பைப் பற்றவைத்தால் கேட்கும். கணவன் விரலை நெட்டி முறித்தால்கூட எழுந்து போய்விடுவாள்.

ஒரு நாள் காலை தையல்காரர் மறுபடி வந்தார், கையில் வேறொரு கம்ப்யூட்டரோடு.

“மக வீட்டுல சும்மா கெடந்துச்சும்மா. என் வீட்டுக்காரி பேசுனது ஒண்ணே ஒண்ணு இதுல இருக்காம். ஆனா பவரே வரல.”

“ஐயா, என்கிட்டயா கொண்டு வந்தீங்க?”

“வேற யாருகிட்ட போவேன்? மத்தவங்க பயமில்லாம மாட்டுவாங்க.”

அவள் உள்ளே போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வருவதற்குள், கூட வேலை பார்க்கும் கொழுந்தன் புதுப் பவர் சப்ளையைப் பொருத்திவிட்டான்.

“முடிஞ்சுது அண்ணி. சுவிட்ச் போடவா?”

விரல் சுவிட்சின் மேலேயே இருந்தது. அவள் காதில் ‘டிக்’. அவன் இன்னும் போடவே இல்லை. சத்தமும் வாடையும் முந்திக்கொண்டு வந்துவிட்டன.

“கைய எடுடா!”

“ஐயோ, உசுரே போச்சு அண்ணி! பேய் கீய் பாத்தீங்களா?”

“ஒயர் எதோடது?”

“உள்ள இருந்த பழசுதான். பின்னாடி அழகா கட்டியிருந்துச்சு, எதுக்கு அவுக்கணும்னு…”

ஆறு வருடத்துக்கு முந்தைய அவள் புத்தியே எதிரில் நின்று பேசியது. டிஸ்கைக் கழற்றித் தள்ளிவைத்தாள். ஒயரின் வெறும் முனையில் மீட்டரை வைத்துக்கொண்டு சுவிட்சைப் போடச் சொன்னாள். ஐந்து காட்ட வேண்டிய இடத்தில் பன்னிரண்டு காட்டியது. கொழுந்தன் முகம் சுண்டிப்போயிற்று.

பழைய ஒயர் அத்தனையும் வெளியே போனது. புதுப் பெட்டியோடு வந்த ஒயரைக் கம்பி கம்பியாக அளந்தாள். பிறகு மாமியார். கால் மணி நேரம் மாமியார் சுகமாகச் சுற்றியபின்தான் தையல்காரரின் டிஸ்க். அது முனகியது, தயங்கியது, சுழன்றது. முதல் வேலையாக இரண்டு பிரதி எடுத்தாள்.

அப்புறம்தான் குரல்.

“ஏங்க, கத்திரிக்கோல எங்க வெச்சுத் தொலைச்சீங்க? ஒரு நாளாச்சும் எடுத்த எடத்துல வெக்கிறீங்களா?”

தையல்காரர் திரையைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: “மெஷின் மேலதான்டி இருக்கு.”

‘டிக்.’

மீட்டரக்கா பாய்ந்து சுவிட்சை அணைத்தாள்.

“ஒண்ணும் ஆகலம்மா. அவ ரெக்கார்டர நிறுத்துற சத்தம் அது. பேசி முடிச்சா எப்பவும் வரும்.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இன்னொரு தடவ போடுங்க.”

போட்டாள், மறுபடி ஒரு முறை அளந்துவிட்டுத்தான். கத்திரிக்கோல் திட்டு முடிந்தது. கைகளைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி, அந்த ‘டிக்’ வருவதற்காகக் காத்திருந்தாள்.