முகத்தின் மேல் ஒரு பூங்கொத்து

"உங்கம்மா முகம் எங்கெங்க வருதுன்னு முதல்ல பாத்து வெச்சுக்கோ," என்றாள் கெனோவெஃபா.

கடையின் பின்னறையில் அமிகா கம்ப்யூட்டரின் முன்னால் கொர்னேலியா உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. திரையில் ஓடிக்கொண்டிருந்ததும் அவளுடைய கல்யாணம்தான்.

"எதுக்கும்மா?" மாமியாரை அம்மா என்றுதான் அந்த ஊர் மருமகள்கள் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவளுக்கு இன்னும் நாக்கு பழகவில்லை.

"பூ வைக்கத்தான்."

"முகத்தைச் சுத்தியா?"

"முகத்து மேல."

கொர்னேலியா சிரித்தாள். மாமியார் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினாள்.

"இந்தக் கேசட்தான் இனிமே கடை ஜன்னல்ல நாள் முழுக்க ஓடப்போகுது," என்றாள் கெனோவெஃபா. "கல்யாண வீடியோவுக்குச் சொல்லலாம்னு ஒருத்தி வந்து நிக்கிறா. பாத்தா, ஸ்டேஷன் கக்கூஸ் வாசல்ல காசு வாங்கிக்கிட்டு காகிதம் கிழிச்சுக் குடுக்கிற பொம்பளை, சிலுவையைத் தூக்கி என் மகனை ஆசீர்வாதம் பண்ணிட்டு நிக்கிறா. வந்தவளும் அங்க காசு குடுத்தவதானே? மூக்கைப் பொத்திக்கிட்டு எதிர்க் கடைக்குப் போயிடுவா."

"அவங்க என் அம்மா."

"அதனாலதான் பூ. வேற யாராவதா இருந்தா கறுப்புக் கட்டம் போட்டிருப்பேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"வால்டெக்குக்கா? மெஷினை வாங்கிட்டு வந்தது அவன். கடை என் பேர்ல இருக்கு."

கொர்னேலியா மவுஸைக் கையில் எடுத்தாள். அன்று மாலைக்குள் ஒரு பியோனிப் பூங்கொத்தை வரைந்து முடித்தாள். அதுவரை அந்த மெஷினில் அவ்வளவு அழகாக எதையும் அவள் வரைந்ததில்லை. கெனோவெஃபா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

"மூக்கு தெரியுது. இன்னும் ரெண்டு பூ வை."

கெனோவெஃபா ஸ்கிபா அந்த மலையடிவார ஊரில் பாதிப் பேருடைய மூக்கை நேராக்கியவள். பதினாறு வயதில் ஸ்கிபாவின் போட்டோக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கண்ணாடி நெகட்டிவைக் கூரிய பென்சிலால் தொட்டுத் தொட்டுப் பரு, தழும்பு, சுருக்கம் எல்லாவற்றையும் போக்குவது அவள் வேலை. முதலாளியையே கட்டிக்கொண்ட பிறகும் அந்தப் பென்சிலை அவள் விடவில்லை. படத்திலிருந்து ஆட்களையே எடுத்தும்விடுவாள். எல்லை தாண்டி மேற்கே ஓடிப்போன மைத்துனனை சர்ச்சில் ஒரு குழந்தையின் முதல் நன்மைச் சடங்கில் எடுத்த படத்திலிருந்து நீக்கிவிட்டு, அவன் நின்ற இடத்தில் ஒரு திரைச்சீலையைத் தொங்கவிட்டாள். படத்தைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் திரைச்சீலையின் மடிப்பைப் புகழ்வார்கள். இருந்தவன் இல்லாமல் போனதில் அவளுக்கு வருத்தம் கிடையாது. மடிப்பில் நிழல் சரியாக விழுந்ததா என்பதுதான் கவலை.

கம்யூனிஸ்டுகள் போனபின் போட்டோக்காரர்கள் எல்லோரும் வீடியோக்காரர்கள் ஆனார்கள். கணவன் அதற்குள் இறந்துவிட்டான். மகன் வால்டெக் ஜெர்மனியில் இரண்டு கோடைகாலம் ஓடு பதித்துச் சம்பாதித்ததில், பழைய அமிகா ஒன்றையும், இரண்டு வீடியோ டெக்குகளுக்கு நடுவில் மாட்டுகிற ஒரு தகரப் பெட்டியையும் வாங்கிவந்தான். ஒரு டெக்கில் கேசட் ஓடும். அந்தப் படத்தின்மேல் அமிகாவில் வரைந்தது உட்காரும். இரண்டும் சேர்ந்து அடுத்த டெக்கில் பதியும். மணமக்கள் பெயர் பறந்து வரும், இதயங்கள் சுழலும், புறாக்கள் சிறகடிக்கும். ஊரே வாயைப் பிளந்தது. கெனோவெஃபாவுக்கு மட்டும் முதல் நாளே விஷயம் பிடிபட்டுவிட்டது.

"அப்போ இதுலயும் மறைக்கலாம்," என்றாள்.

ஆனால் மவுஸ் அவள் கைக்கு அடங்கவில்லை. அதற்காகவே பட்டன் தொழிற்சாலையில் பூ வடிவங்கள் வரைந்துகொண்டிருந்த பெண்ணை மகன் காதலித்தபோது சரி என்றாள் என்று ஊரில் பேச்சு உண்டு.

நெகட்டிவில் முகம் அசையாது. கேசட்டில் அசையும். அதனால் கேசட் ஓட ஓட, பூங்கொத்தை மவுஸால் இழுத்துக்கொண்டே முகத்தின் கூடப் போகவேண்டும். தன் தாய் ஸ்டெஃபானியா அறையைக் கடந்து வருவதை, சிலுவையை முத்தமிடுவதை, மண்டியிட்ட மகளின் தலைமேல் கை வைப்பதை எல்லாம் கொர்னேலியா பூவோடு பின்தொடர்ந்தாள். ஓரிடத்தில் ஸ்டெஃபானியா சட்டென்று குனிந்து கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். மவுஸ் பிடித்த கொர்னேலியாவின் கை பின்தங்கிவிட்டது. ஒரு கணம் ஈரமான முகம் முழுசாகத் தெரிந்தது.

"மறுபடி போடு," என்றாள் பின்னால் நின்ற கெனோவெஃபா.

மறுபடி போட்டாள். எந்த இடத்தில் தாய் அழப்போகிறாள் என்பது இப்போது தெரிந்திருந்ததால் பூ முன்னாலேயே குனிந்து காத்திருந்தது.

ஒரே ஒரு ஆறுதல்தான். பூ இருப்பது நகலில். கேமராவில் எடுத்த மூலக் கேசட் அலமாரியில் இருக்கிறது. அதில் அம்மா முகம் முழுசாக இருக்கிறது. என்றாவது தனக்கென்று ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாம்.

படம் பார்க்க இரண்டு குடும்பமும் கூடியது. ஸ்டெஃபானியா ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டு, கசகசா வைத்த கேக்கைத் துணியில் சுற்றி எடுத்துவந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து தன்னைத் தேடினாள். பூங்கொத்து ஒன்று பச்சைக் கவுன் மாட்டிக்கொண்டு அறைக்குள் வந்தது.

"அது என் கவுன் ஆச்சே?" என்றாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"மெஷின் கோளாறு, சம்பந்தியம்மா," என்றாள் கெனோவெஃபா கேக்கை வெட்டிக்கொண்டே. "புதுசு இல்லையா, அது பாட்டுக்கு எங்கயாவது போய் உக்காந்துக்கும்."

ஸ்டெஃபானியா மகளைப் பார்த்தாள். கொர்னேலியா தரைவிரிப்பைப் பார்த்தாள்.

"பரவாயில்லை. என் மூஞ்சிக்கு இது எவ்வளவோ மேல்," என்று ஸ்டெஃபானியா எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "கை தெரியுதே. கை என்னோடதுதான்," என்றாள்.

ஜன்னலில் அந்தக் கேசட் ஓடியது. ஸ்டேஷனுக்குப் போகிற வழி அதுதான். ஸ்டெஃபானியா தினம் எதிர்ச்சாரியில் நடந்துபோனாள். அடுத்த குளிர்காலத்தில் நுரையீரலில் சளி கட்டி இறந்துபோனாள். அவள் வைத்துவிட்டுப் போன ஒரே படம் அடையாள அட்டையில் இருந்தது. அதில் முத்திரை பாதி வாயை மறைத்திருந்தது.

அடக்கம் முடிந்து வந்த கொர்னேலியா, கோட்டைக்கூடக் கழற்றாமல் அலமாரியைத் திறந்தாள்.

"எதைத் தேடற?" என்று கேட்டாள் கெனோவெஃபா.

"எங்க கல்யாணத்து மூலக் கேசட்."

"அதுவா? அதுல பல் டாக்டர் வீட்டுக் கல்யாணம் எடுத்தாச்சு. நல்ல கேசட்டைச் சும்மா வெச்சிருப்பாங்களா?"

"எப்போ?"

"நீ பூ வெச்சு முடிச்ச மறு வாரமே." சூப்பில் உப்புப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நகல்தான் இருக்கே."

கொர்னேலியா அன்று சத்தம் போடவில்லை. அதன்பிறகும் போடவில்லை. வந்த மணப்பெண்கள் "ஜன்னல்ல ஓடுதே, அந்தப் பூ வேணும்" என்று விரலால் காட்டிக் கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் வைத்துக்கொடுத்தாள்.

சில வருஷம் கழித்து கெனோவெஃபாவுக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் தப்பினாலும் முகத்தின் இடப்பக்கம் கீழே இறங்கிவிட்டது. கண் பாதி மூடியபடியே நிற்கும், வாயோரம் எச்சில் வடியும். வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிகளையெல்லாம் திருப்பிவைக்கச் சொன்னாள். அந்தக் கோடையில் கடைசி மகள் பெர்னடெட்டாவுக்கு ஒரு வக்கீல் குடும்பத்தில் கல்யாணம். சிலுவையை எடுத்து ஆசீர்வாதம் செய்யத் தாய்தான் நிற்கவேண்டும். நின்றாள். கேமரா ஓடியது.

படம் பார்க்க வக்கீல் குடும்பம் வந்து உட்கார்ந்தது. பெயர்கள் பறந்துவந்தன, புறாக்கள் சிறகடித்தன. ஆசீர்வாதம் வந்தது. கெனோவெஃபாவின் முகம் திரை முழுக்க நிறைந்தது. பூ இல்லை, புறா இல்லை. கீழே தங்க நிறத்தில் பெரிய எழுத்து மட்டும்: மணமகளின் தாய், கெனோவெஃபா ஸ்கிபா. எழுத்து நின்ற நேரம் முழுக்க எச்சில் கோடு மோவாயில் இறங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். பெர்னடெட்டா எழுந்து வெளியே போனாள்.

"பூ வைக்கலையா?" என்று வால்டெக் மனைவியின் காதருகே கேட்டான்.

"மெஷின் கோளாறு," என்றாள் கொர்னேலியா.

 கெனோவெஃபா சரியாக இருந்த கண்ணால் மருமகளைப் பார்த்துவிட்டு, மறுபடி திரையைப் பார்த்தாள். மறுநாள் கொர்னேலியா ஜன்னலில் அந்தக் கேசட்டைப் போட்டாள். கெனோவெஃபா அதற்குப் பிறகு கடைக்கு இறங்கி வரவே இல்லை. மாடியில் இருந்தபடியே அடுத்த தவக்காலத்தில் செத்துப்போனாள். மேற்கேயிருந்து அடக்கத்துக்கு வந்திருந்த அந்த மைத்துனன், கடை ஜன்னலுக்கு வெளியே நின்று திரையில் அவளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெர்னடெட்டாவின் கல்யாணக் கேசட்டை நகலெடுத்த அன்று கெனோவெஃபா சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னறைக்கு வந்திருந்தாள். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை. அதுவரை அவள் கொர்னேலியாவிடம் எதையும் கேட்டதில்லை; செய் என்றுதான் சொல்லியிருக்கிறாள். வாயோரத்தைக் கைக்குட்டையால் அழுத்திப் பிடித்தபடி, ஒவ்வொரு சொல்லாகத் திரட்டிக் கேட்டாள்.

"கொர்னேலியா... அந்தப் பூ இன்னும் இருக்கா? புதுசா ஒண்ணும் வரைய வேணாம்மா. உங்கம்மாவுக்கு வெச்சியே, அதையே எனக்கும் வெச்சுடு."