அப்பாவுக்குக் குளிர்த்தி காட்டிய கதை

பதினான்கு வயதில் என் முகத்தை அதிகம் பார்த்தது யார் என்று கேட்டால், என்னுடைய போன்தான். வீட்டில் மற்ற எல்லாருக்கும் கிடைத்தது என் உச்சந்தலை. சோறு தின்னும்போதும் குனிந்த தலை, கூட்டாளிகள் வாவியில் தூண்டில் போடும்போது பக்கத்தில் இருந்தாலும் குனிந்த தலை. அம்மா கேட்கும் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு 'ம்' வைத்திருந்தேன். அது ஆமா இல்லையா என்பதை அவரே பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். மாமா வீட்டுக்கு வந்தால் முதல் வேலையாக என்னைச் சுற்றி ஒருதரம் நடப்பார். "அக்கா, இவனுக்கு மூஞ்சி ஒண்டு இரிக்கா, இல்லாட்டி நாலு பக்கமும் மயிர்தானா?" என்று கேட்பார்.

கழுத்து உளைந்தது, கண் எரிந்தது, வகுப்பில் கரும்பலகை மங்கியது. அம்மா என்னைப் புளியந்தீவில் ஒரு கண் வைத்தியரிடம் கூட்டிப் போனார். முறை வரும்வரை நான் அங்கேயும் இருந்து விளையாடினேன். இரவில் எத்தனை மணிக்குத் தூங்குகிறாய் என்று வைத்தியர் கேட்டதும், "விடியப்போகக்குள்ள, டொக்டர்" என்று அம்மா எனக்கு முந்திக்கொண்டார். கண்ணாடிக்கு எழுதித் தந்தவர், தூரத்தில் இருப்பவற்றையும் இடைக்கிடை பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். திரும்பி வரும்போது பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறியதும் அம்மா என் தோளைத் தட்டி, "அந்தா தம்பி, தூரம்" என்று வாவியைக் காட்டினார். பார்த்தேன். தண்ணீர் கிடந்தது. மறுபடி குனிந்துகொண்டேன்.

அப்பா கட்டாரில் இருந்தார். கட்டட வேலை. அவர் போகும்போது எனக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரேயொரு முறை வந்து போனார். அந்தப் போனை வாங்கி அனுப்பியவரும் அவர்தான், மகன் தன்னோடு ஆசை தீரக் கதைக்கட்டும் என்று. அந்தப் போனில் நான் அவரோடு கதைத்தது மட்டும் கிடையாது. பின்னேரங்களில் அம்மாவின் போனுக்கு வீடியோ கோல் எடுப்பார். அம்மா அதைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து எனக்கு முன்னால் வைத்துவிட்டுப் போவார். நான் மடியில் என் போனை வைத்துக்கொண்டு விளையாடுவேன்.

"சாப்பிட்டயா மனே?"

"ம்."

"படிப்பெல்லாம் எப்பிடி?"

"ம்."

ஒருநாள் அப்பா திடீரென்று சிரித்தார். "மனே, உனக்கு ரெட்டைச் சுழியெல்லோ! இஞ்ச வந்த பிறகுதான் எனக்கே தெரியும்" என்றார். அடுப்படியிலிருந்த அம்மா, அப்படியென்றால் இவனுக்கு இரண்டு கலியாணம், இரண்டு செலவு என்று சொல்ல, இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தார்கள். நான் அப்போது விளையாட்டில் எதிரி ஒருவனைத் துரத்திக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. காதால் கேட்டேன், அவ்வளவுதான். சிரித்த முகத்தை நான் பார்க்கவில்லை.

எங்கள் ஊர் அம்மன் கோவிலின் கதவு வருடத்தில் ஒருமுறை, வைகாசியில் மட்டும் திறக்கும். சடங்கின் கடைசி விடியற்காலையில் குளிர்த்தி. கோபத்தோடு இருக்கும் அம்மனை வேப்பிலையாலும் தண்ணீராலும் ஆற வைக்கும் சடங்கு அது. அப்பாவின் தாய்வீடு கோவில் வீதியில்தான். கட்டாருக்குப் போகும்வரை அவர் ஒரு குளிர்த்தியையும் தவறவிட்டதில்லையாம். அந்த வருடம் எப்படியும் வந்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார், கடைசியில் லீவு கிடைக்கவில்லை. என்னிடம் ஒன்றும் கேட்டுப் பழகாத மனிதர் அன்றைக்குக் கேட்டார்.

"மனே, குளிர்த்தி நேரம் மட்டும் உன்ட போனைப் புடிச்சி எனக்கு அம்மாளைக் காட்டுவியா? வேற ஒண்டும் வேணாம்."

வழக்கமான 'ம்' போதாது என்று எனக்கே பட்டது. "ஓம்" என்றேன்.

நான் கோவிலுக்குப் போய் அழைப்பை எடுத்தபோது அவருக்கு அங்கே நடுச்சாமம். அறையில் மற்றவர்கள் தூங்கியதால் வெளியே படிக்கட்டில் வந்து காத்திருந்தார். கமராவைத் திருப்பிப் பந்தலைக் காட்டினேன், தோரணத்தைக் காட்டினேன், வேட்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டு ஆட்களை விலக்கிக்கொண்டிருந்த மாமாவைக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் "ஓம் மனே, ஓம் மனே" என்றார். பிறகு பறையும் சங்கும் சேர்ந்து எழ, பெண்கள் குரவையிட, அவருடைய குரல் கேட்காமல் போய்விட்டது. எனக்கு முன்னால் நின்றவர் சரியாக அந்த நேரம் பார்த்துத் தன் பிள்ளையைத் தோளில் ஏற்றினார். நான் போனைக் கை மாற்றி, தலைக்கு மேலே எட்டுமட்டும் தூக்கிப் பிடித்தேன். அப்போதுதான் விரல் எங்கேயோ பட்டிருக்க வேண்டும்.

போன் தலைக்கு மேலே போய்விட்டதால் எனக்குப் பார்க்க வேறு ஒன்றும் இல்லை. வேறு வழியில்லாமல் அம்மனைப் பார்த்தேன். கட்டாடியார், எங்கள் பக்கத்தில் பூசாரியை அப்படித்தான் சொல்வோம், குளிர்த்திப் பாட்டைத் தொடங்கியிருந்தார். பாட்டுக்குத் தக்கபடி வேப்பிலைக் கொத்தைக் குடத்தில் தோய்த்துத் தோய்த்து எடுத்தார். கூட்டம் முழுவதும் ஒரே மூச்சாகிவிட்டது போல இருந்தது. அவர் தண்ணீரைத் தெளித்தபோது ஒரு துளி என் கன்னத்தில் விழுந்தது. எனக்கு மேல் சிலிர்த்து, கண் கலங்கிவிட்டது. ஏன் என்று கேட்டால் அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. பாட்டு முடியும்வரை வாயைத் திறந்தபடி நின்றிருக்கிறேன்.

கை மரத்துப்போன பிறகுதான் போன் ஞாபகம் வந்து இறக்கினேன். அப்பா சாரத்தின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்திதான் என்று நினைத்தேன். பிறகு, என் கமரா பிடிப்பதைக் காட்டும் சின்னப் பெட்டியை மூலையில் கண்டேன். அதில் அம்மனைக் காணவில்லை. மூக்குக்கண்ணாடியில் வேப்பிலை ஒட்டிக்கொண்டிருக்க, நான்தான் இருந்தேன். வருடத்துக்கு ஒருமுறை வரும் குளிர்த்தியில், தூக்கம் விட்டுக் காத்திருந்த மனிதருக்கு, தொடக்கம் முதல் முடிவு வரை என் மூஞ்சியைக் காட்டியிருக்கிறேன்.

"அப்பா..." என்று இழுத்தேன்.

"நல்லாக் கண்டன் மனே," என்றார். "கண் நிறையக் கண்டன்."

அங்கே படம் தெளிவில்லை போலும், தப்பித்தேன் என்று நினைத்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா போனை வாங்கிக்கொண்டார்.

"என்னங்க, அம்மாள் எப்பிடி இரிந்தா?"

"மீசை அரும்பிப் போயித்து" என்றார் அப்பா.

அம்மா அப்படியே நின்றுவிட்டார். "ஆருக்கு?"

அப்பா சிரித்தார். என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறார் என்று பயந்து, மேலுதட்டை உள்ளே மடித்துக்கொண்டு நான் முன்னால் வேகமாக நடந்தேன். பின்னால் அம்மா, முதலில் போய்ப் படுங்கள், தூக்கமில்லாமல் என்னவோ சொல்கிறீர்கள் என்று அவரை ஏசிக்கொண்டு வந்தார்.

மறுநாள் பின்னேரம் வழக்கம்போல அம்மாவின் போன் குடத்தில் சாய்ந்தது. நான் வழக்கம்போலக் குனிந்திருந்தேன். அப்பா சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை, படிப்பைப் பற்றியும் கேட்கவில்லை.

"மனே, கோவில்ல புடிச்ச மாதிரி இந்தப் போனைக் கொஞ்சம் மேல தூக்கிப் புடியன்."

"ஏன், அங்க சிக்னல் இல்லையா?"



"ஓம் மனே. இஞ்ச சிக்னல் இல்ல."

விளையாட்டு அரைகுறையில் நின்ற எரிச்சலோடு கதிரையில் ஏறி, அம்மாவின் போனை உயரத் தூக்கிப் பிடித்து அண்ணாந்து பார்த்தேன். "இன்னும் கொஞ்சம் மேல... ஆ, அப்பிடியே நில்லு" என்றார். கை உளையும் வரை நின்றேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த நாளும் அதே கதை, அதற்கடுத்த நாளும் அதே கதை. அத்தனை உயரக் கட்டடங்களைக் கட்டுகிற நாட்டில் ஒரு சிக்னல் கோபுரத்தைக் கட்டி வைக்கத் தெரியாதா என்று, கதிரையிலிருந்து இறங்கிய கையோடு அம்மாவிடம் எரிந்து விழுந்தேன்.