சாம்பார் சாதத்தில் போன பிளேடு

பௌர்ணமியன்று கிரிவலம் வருகிறவர்களுக்கு ஓர் அண்டா சாம்பார் சாதம் செய்து, செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டு வாசலிலேயே தொன்னையில் கொடுப்போம். காய் நறுக்குவது என் மனைவி. அவளுக்கு முழங்கால் வலி வந்த மாதம், தேரடி வீதியில் ஒரு சாப்பர் வாங்கி வந்தேன். கயிற்றை இழுத்தால் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மூன்று பிளேடுகள் சுற்றும்.

"மூடியைத் தொட்டாலே ஆடுது. இதை நம்பி ஒரு அண்டா காயா?" என்றாள்.

"நீ பேசாம உக்காரு. இன்னிக்கு காய் என் பொறுப்பு."

கேரட்டு முக்கால்வாசி முடிந்தபோது உள்ளே 'டக்' என்றது. திறந்து பார்த்தேன். ஒரு பிளேடின் நுனி இல்லை. அரிசி அளவுதான் இருக்கும். டப்பாவில் கிடந்த துண்டுகளைத் தட்டில் கொட்டித் தேடினேன். இல்லை. அந்தச் சத்தத்துக்கு முன்பே உடைந்திருக்க வேண்டும்; முன்பு நறுக்கியதெல்லாம் ஏற்கனவே அண்டாவுக்குப் போய்விட்டது.

"காய் ஆச்சாங்க?"

"ஆச்சு" என்றேன். சாப்பரை அரிசிச் சாக்குக்கு அடியில் தள்ளினேன்.

அங்கேதான் தவறினேன். அவள் சொன்னது பலித்துவிட்டது என்று ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை. வேறெங்காவது தெறித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். பள்ளியில் அறிவியல் நடத்தியவன் நான். டப்பா மூடியிருந்தது என்பது தெரியாதா?

நடப்பவர்களுக்குக் கொடுக்கும்வரை அந்தச் சாதத்தை வீட்டில் யாரும் வாயில் வைக்க மாட்டோம். உப்பைக்கூட அவள் வாசனையில்தான் பார்ப்பாள். அதனால் முதலில் சாப்பிடப்போவது முன்பின் தெரியாத ஒருவர்தான்.

சாயங்காலம் வரிசை சேர்ந்தது. கரண்டியை நானே வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு கரண்டியையும் பரப்பி, உற்றுப் பார்த்துப் போட்டேன்.

"என்னா சாமி, கல்லு பொறுக்குறீங்களா? நாங்க இன்னும் பாதி மலை சுத்தணும்" என்றார் ஒருவர். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"கைய நல்லா வீசிப் போடுங்க. உங்க வீட்டு சொத்தா போவுது?" என்றாள் மனைவி.

பத்துப் பதினைந்து பேர் வாங்கிக்கொண்டு நடந்துவிட்டார்கள். அடுத்து வந்தவரின் தோளில் ஒரு சின்னப் பெண். அவர் தொன்னையை வாங்கி, ஊதி ஊதி ஒரு கவளத்தை அவள் வாய்க்குக் கொண்டுபோனார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். சாதம் தரையில் விழுந்தது. குழந்தை அலறியது.

"யோவ், பெரியவரே!"

"சாப்பிடாதீங்க. யாரும் சாப்பிடாதீங்க. உள்ள பிளேடு துண்டு இருக்கு."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அண்டாவை மூடினாள்.

முன்னால் போனவர்களைத் தேடி ஓடினேன். எனக்கு ஓட்டம் என்றால் வேக நடைதான். கூட்டத்தில் தொன்னை வைத்திருந்தவர்களை எல்லாம் நிறுத்தி, "எங்க வீட்டுல வாங்கினதா?" என்று கேட்டேன். "இவரு குடுத்ததைத் திருப்பிக் கேக்குறாருப்பா" என்று ஒருவர் கேலி செய்தார். எங்கள் வீட்டில் வாங்கியவர்கள் மூன்று பேரைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. மூவரின் தொன்னையும் காலி. மூவரும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் எங்கே போனார்களோ.

திரும்பி வந்தபோது அவள் பின்கட்டுக் குழாயடியில், வலிக்கிற காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மிச்சச் சாதத்தைப் பிடி பிடியாகத் தண்ணீரில் கரைத்து, விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"கெடச்சுதா?" என்றேன்.

"இல்ல." கையை எடுக்காமலே கேட்டாள்: "காய் வெட்டறப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"நான் ஒரு வார்த்தை சொல்லிடுவேன்னா?"

"ஆமாம்."

அவள் அடுத்த பிடியை எடுத்தாள். நானும் எதிரில் உட்கார்ந்து தண்ணீரில் கையை விட்டேன். அண்டாவின் அடிவரை தடவினோம். அது கிடைக்கவில்லை.